நோயாளியும் பிரஜையும்

மலையக இலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகும் நம் விமர்சகர்கள் பெரும்பாலும் தேயிலைச் செடியிலிருந்தே தொடங்குவது வழக்கம். கொழுந்துக் கூடையையும், அட்டைக் கடியையும், காமன் கூத்தையும், லயத்துப் பேச்சு மொழியையும் எடுத்துக்காட்டி, இதோ மண்வாசனை என்று கூறி அமைதி கொள்வர். மண்வாசனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாசனையோடு நின்றுவிடும் விமர்சனம், அந்த மண்ணை உழைத்து உருவாக்கிய மனிதனுக்கு அதன்மேல் என்ன உரிமை இருந்தது என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றது. எனவே நாம் வேறோர் இடத்திலிருந்து தொடங்க விரும்புகின்றோம். அந்த இடம் தோட்டத்து டிஸ்பென்சரி.

காய்ச்சலோடு அங்கே சென்று நிற்கும் தொழிலாளி யார்? அவனுக்கு மருந்து கொடுக்கப்படுவது எந்த உறவின் பேரால்? துரையின் கருணையாலா, கூலி ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவா, அன்றி இந்நாட்டின் பிரஜை என்ற உரிமையினாலா? நம் எழுத்தாளர்கள் அவனை எந்த உருவில் கண்டனர்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது, ஒரு சமூகத்தின் இலக்கியத்தை மட்டுமன்றி, பிரஜாவுரிமை என்னும் சொல்லின் பொருளையும் நாம் உரசிப் பார்க்க வேண்டியவர்களாகின்றோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அவ்வழியிலே எண்ணற்றோரைக் கொன்றன. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றவர்கள் மிதித்தது அந்தப் பெயரற்ற புதைகுழிகளின் தடத்தையே.

பின்னர் ஆட்சியாளர் விழித்துக்கொண்டனர். 1872இலும் 1880இலும், மீண்டும் 1912இலும், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்தியக் கரையிலே மண்டபம் முகாம் அமைந்தது. கூலியாட்கள் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். 1916இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இவை யாவும் மனிதாபிமானத்தின் முன்னேற்றமாகத் தோன்றலாம்.

ஆனால் இவற்றின் உள்ளியல்பை மறந்துவிடலாகாது. நோயுற்ற கூலி வேலை செய்யமாட்டான். இறந்த கூலி, அவனை ஏற்றி வந்த செலவையும் அவன் பெயரில் எழுதிய கடனையும் கூடவே கொண்டுபோய்விடுவான். எனவே அவன் உடலைக் காப்பது முதலைக் காப்பதாயிற்று. கொழுக்கிப் புழு இயக்கத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்று. புழுவைக் கொல்லும் மருந்தைக் குடிக்கக் கொடுப்பதற்குத் தோட்டத்துரைமார் இசைந்தனர். ஆனால் புழு மீண்டும் மண்ணில் பரவாதிருக்க மலசலகூடம் கட்டவேண்டும் என்றபோது பலர் தயங்கினர். மருந்து செலவு குறைந்தது. கட்டடம் செலவு மிகுந்தது. மருந்து உடலைச் சில மாதங்களுக்கு வேலைக்குத் தகுதியாக்கும். மலசலகூடமோ தொழிலாளியை அங்கே நிலையாக வாழும் மனிதனாக ஒப்புக்கொள்ளும். அந்த ஒப்புதலைத்தான் துரைமார் கொடுக்க விரும்பவில்லை.

இதே காலத்தில் நாட்டின் ஏனைய பகுதிகளில் வேறொரு போக்கு முளைவிட்டது. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குரிமை பெற்ற கிராமத்தவன் தன் பிரதிநிதியிடம் வைத்தியசாலை கேட்டான், பாடசாலை கேட்டான், மருத்துவமாது கேட்டான். 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்குள் சென்று பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினரிடமிருந்தே இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் உருவெடுத்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1946இல் ஆயிரவர்க்கு இருபது என்றிருந்த மரண விகிதம் 1947இல் பதினான்காகக் குறைந்தது. இலவச மருத்துவம் என்று உலகம் வியக்கும் இலங்கையின் சாதனைக்கு அடித்தளம் வாக்குச்சீட்டு என்று கூறின் மிகையாகாது.

அந்தச் சாதனை உருவாகிக்கொண்டிருந்த அதே வேளையில்தான், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு தேர்தற் சட்டத்திருத்தம் அவர்களது வாக்குரிமையையும் பறித்தது. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரைத்தானும் அனுப்ப இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

இவ்விடத்தில் நாம் நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும். நாடற்றவன் என்று கூறி அரசாங்க வைத்தியசாலையின் வாசலில் எவரையும் சட்டம் தடுத்து நிறுத்தியதில்லை. உயிருக்கு ஊசலாடிய தொழிலாளி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் பிழைத்த சந்தர்ப்பங்கள் பல. ஆகவே பிரஜாவுரிமைக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை என்று வாதிப்போர் இருக்கக்கூடும். அவர்கள் வாசலை மட்டுமே காண்கின்றனர். வாசலுக்குச் செல்லும் வழியைக் காண்பதில்லை. கிராமத்து வீட்டுக்குச் சென்ற அரசாங்க மருத்துவமாது தோட்டத்து எல்லையோடு திரும்பினாள். லயத்தின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என விடப்பட்டது. அங்கே அரைகுறைப் பயிற்சி பெற்ற டிஸ்பென்சரே வைத்தியன். அவர் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர். நோய் மெய்யா, வேலைக்குக் கள்ளமா என்று தீர்ப்பளிக்கும் நீதிபதியும் அவரே. மருந்துக்குப் போன நாள் பேர் இல்லாத நாள். நோயாளியை நகரத்துக்கு அனுப்ப லொறி வேண்டுமாயின் துரையின் சொல் வேண்டும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது என்று சட்டப் புத்தகம் கூறும். ஆனால் நோயாளியின் வாழ்வில் துண்டு ஒழியவில்லை. அது வேறு வடிவம் எடுத்தது.

வாக்கில்லாதவனுக்காக வைத்தியசாலை கேட்கும் பிரதிநிதி எவருமில்லை. சட்டம் அவனை வாசலில் நின்று விரட்டவில்லை. விரட்டவேண்டிய தேவையே இல்லாதபடி பாதையை அமைத்துவிட்டது. இதுவே உண்மை.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

தேயிலைத் தோட்டத்தைத் தமிழிலே ஆழமாகத் தொட்ட முன்னோடிக் கதைகளுள் ஒன்று புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1930களில் எழுதப்பட்ட அக்கதையில் மருதி என்னும் ஏழைப் பெண்ணின் உடலே சுரண்டலின் களமாகின்றது. வெள்ளைத் துரையின் இச்சை அவளுக்கு நோயாக வந்து சேர்கின்றது. நோயை வெறும் விதியாகக் காட்டாமல், ஆதிக்க உறவின் விளைவாகக் காட்டிய அந்தப் பார்வை அக்காலத்துக்கு வியத்தகு துணிவு. ஆனால் அக்கதையின் தோட்டம் ஒரு கேணி. விழுந்தவர் மீளாத இருட்கிணறு. அங்கே போராட்டம் இல்லை, கோரிக்கை இல்லை. படித்து முடிக்கும் வாசகன் பெருமூச்சு விடுகிறான். பெருமூச்சு நல்லதுதான், ஆனால் அது எவருக்கும் முகவரியிடப்பட்ட கடிதமன்று.

இரண்டாவது நூல் வேறொரு மலையைச் சேர்ந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிற்சங்கத்திலும் ஈடுபட்ட பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' என வெளிவந்தது. டிஸ்பென்சரியை உள்ளிருந்து கண்ட ஒருவரின் எழுத்து என்பதனாலேயே அதற்குத் தனி மதிப்புண்டு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் லயங்களைக் காலி செய்வதையும், அந்தச் சாவுகள் நிர்வாகத்துக்கு வெறும் ஆட்குறைவாகத் தெரிவதையும் அந்நாவல் ஒரு வைத்தியனின் கண்ணோடு பதிவு செய்கின்றது. அதில் வரும் ஆபிரகாம் என்னும் மருத்துவர் நிர்வாகத்தோடு மோதி மருத்துவத்தைச் சீர்திருத்த முனைகின்றார். இந்நாவலைத் தழுவி 2013இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படம் அந்த மருத்துவரை மதம் பரப்புபவராக மாற்றியமை, நாவலின் உயிர்நாடியையே அறுத்த செயலாகும்.

எனினும், டேனியலின் நாவலிலும் ஒரு வரம்பைக் காண்கின்றோம். அங்கே மாற்றம் நல்ல மருத்துவர் ஒருவரின் மனச்சாட்சியிலிருந்து வருகின்றது. நல்லவர் வந்தால் வாழ்வு; அவர் போனால்? ஆனைமலைத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்டவரல்லர். சுதந்திர இந்தியாவின் வாக்காளர்கள். ஆயினும் 1951ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்களது மருத்துவத்தைத் தோட்ட முதலாளியின் கையிலேயே ஒப்படைத்தது. முதலாளிமீது கடமை சுமத்தியது முன்னேற்றந்தான். ஆனால் வேலை போனால் வைத்தியமும் போகும் என்ற பிணைப்பு அறுபடவில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் முக்கியமானது. பிரஜாவுரிமைப் பத்திரம் இன்றியமையாதது. ஆனால் பத்திரம் மட்டும் போதாது. மருந்துக்கும் மனிதனுக்குமிடையே முதலாளியின் பேனா நிற்கும்வரை அவன் முழுப் பிரஜையல்லன்.

நம் நாட்டு எழுத்துக்களை இதே உரைகல்லில் வைத்துப் பார்ப்போம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் நூலாயிற்று. தமிழகக் கிராமத்தின் வறுமையிலிருந்து தோட்டத்து லயத்துக்கு வந்தவர்களின் வாழ்வைத் தலைமுறைகளினூடாகச் சொல்லும் நாவல் அது. தூரத்திலே தெரிந்த பச்சை கிட்டே வந்தபோது பச்சையல்ல என்பதே அதன் சாரம். அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்களுட் பெரும்பாலோர் இரு அரசாங்கங்களுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். வந்தவர்களின் கதை அச்சேறிய ஆண்டிலேயே அவர்களைத் திருப்பியனுப்பும் கணக்கும் எழுதப்பட்டது.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதையை நாம் சிறப்பாகச் சுட்ட விரும்புகின்றோம். ஒரே காம்பராவுக்குள் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் நெருக்குண்டு வாழும் அவலத்தை அது சொல்கின்றது. நோய் பற்றிய கதையென்று அதனை எவரும் வகைப்படுத்தமாட்டார். ஆனால் சயரோகமும் வயிற்றோட்டமும் எங்கே பிறக்கின்றன? டிஸ்பென்சரியிலா? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், புகை போக வழியற்ற அடுப்படியில், பொதுப் பீலியின் தண்ணீரில் அல்லவா? சுகாதாரம் என்பது மருந்துப் புட்டியிற் தொடங்குவதன்று, வீட்டிற் தொடங்குவது என்ற உண்மையை, சுகாதாரம் என்ற சொல்லையே உச்சரிக்காமல் அக்கதை உணர்த்திவிடுகின்றது. யதார்த்தவாதத்தின் வலிமை இதுவே.

சி. வி. வேலுப்பிள்ளையின் இடம் தனியானது. அவர் எழுத்தாளர் மட்டுமல்லர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். பின்னர், தம்மைத் தெரிவு செய்த மக்களின் வாக்கு பறிக்கப்பட்டதைக் கண்முன்னே கண்டவர். அவருடைய எழுத்திலே தொழிலாளி பரிதாபத்துக்குரிய பொருளாக நிற்பதில்லை. நாட்டார் பாடலோடும் பெயரோடும் கோபத்தோடும் நிற்கிறான். ஒரு மனிதன் உரிமை கேட்பதற்கு முன்னர் அவன் ஆளாகத் தெரியவேண்டும். அந்த முதற்பணியை அவர் செய்தார்.

தொகுத்து நோக்கின், நம் இலக்கியத்தில் நோயாளி பெரும்பாலும் மூன்று உருவங்களில் தோன்றுகிறான் எனலாம். விதியால் வீழ்ந்தவனாகத் தோன்றுகிறான். கொடியவனால் வீழ்த்தப்பட்டவனாகத் தோன்றுகிறான். நல்லவன் ஒருவனால் காப்பாற்றப்படுபவனாகத் தோன்றுகிறான். இது எனக்குரியது, ஏன் தரவில்லை என்று கேட்பவனாக அவன் தோன்றுவது அரிது. கொழுந்து நிறுக்கும் தராசின் முன்னே நியாயம் கேட்கும் பாத்திரங்களை நம் கதைகளில் எளிதாகக் காண்கின்றோம். மருந்துச் சாளரத்தின் முன்னே நியாயம் கேட்கும் பாத்திரத்தைத் தேட வேண்டியிருக்கின்றது. கூலியை உரிமையாகவும் மருந்தைக் கருணையாகவும் கருதும் பழக்கம் தொழிலாளியின் மனத்தில் மட்டுமன்றி, அவனுக்காக எழுதுபவனின் மனத்திலும் வேரோடியிருக்கின்றது.

இலக்கியம் மனுப்பத்திரமா என்று நண்பர்கள் கேட்கலாம். அன்று என்பதே நம் விடை. கோஷத்தைக் கதையாக்குமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் ஒரு மனிதனை இரக்கத்துக்குரியவனாக மட்டுமே காண்பதும் ஓர் அரசியல்தான். இரக்கம் கொடுப்பவனை உயர்த்தி, பெறுபவனைத் தாழ்த்துகின்றது. உரிமையோ இருவரையும் ஒரே தரையில் நிறுத்துகின்றது. எந்தத் தரையில் பாத்திரத்தை நிறுத்துவது என்பது கலைஞனின் முடிவு. அந்த முடிவை ஆராய்வது விமர்சகனின் கடமை.

பிறரை ஆராயும் நாம் நம்மையும் விட்டுவிடலாகாது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து நின்றன. அது நம் வரலாற்றின் ஒளிமிக்க பக்கம். ஆனால் 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி அவ்வரசாங்கத்தின் பங்காளி. 1973-74இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களைத் தாக்கி, அங்கே மரண விகிதம் உயர்ந்தபோது, பெருந்தோட்ட அமைச்சே ஓர் இடதுசாரித் தலைவரின் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமையோ இந்தப் பிரச்சினையில் 1948இலேயே பிளவுண்டது. அப்பிளவிலிருந்தே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. வர்க்கத்தைப் பற்றிப் பேசியோரும் இனத்தைப் பற்றிப் பேசியோரும் இந்த மக்களின் சாவை எண்ணிப் பார்க்காத காலம் ஒன்று இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாத முற்போக்கு, முற்போக்காகாது.

அதெல்லாம் பழங்கதை, இன்று அனைவரும் பிரஜைகளாகிவிட்டனரே என்பர் சிலர். 1988ஆம் ஆண்டின் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின என்பது மெய்யே. அதனைச் சிறுமைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் உடல் என்ன சொல்கின்றது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டத் துறையிலோ ஏறக்குறைய முப்பத்திரண்டு பேர். பத்திரம் தாய்க்குக் கிடைத்துவிட்டது. உயரம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. பல லயங்களுக்கு இன்றும் தனி முகவரியில்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே போகின்றது. வைத்தியசாலைக்குச் செல்லும் தாய், தன் பிள்ளையின் வலியைத் தன் மொழியில் கேட்டறியும் ஒருவரைப் பல வேளைகளில் அங்கே காண்பதில்லை. தமிழ் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டதை அந்தத் தாயிடம் எவ்வாறு விளக்குவது?

மேலும், இக்கதை மலையகத்தோடு முடிவதுமில்லை. தோட்டத்துக் கூலியால் வாழ இயலாத பெண்கள் இன்று வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். புறப்படுமுன் அவர்கள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றனர். அந்தச் சோதனை அவர்களுக்காகவன்று. அவர்களை விலைக்குப் பெறும் வீட்டுக்காக. இது மண்டபம் முகாமின் மறுபிறப்பேயாகும். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது சிங்கப்பூரிலே தமிழ்த் தொழிலாளர் பலர் உட்பட இலட்சக்கணக்கானோர் விடுதிகளுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டனர். நாள்தோறும் வெளியிடப்பட்ட தொற்றுக் கணக்கில் விடுதித் தொற்று வேறு, சமூகத் தொற்று வேறு எனப் பிரித்து எழுதப்பட்டது. அவர்களுக்கு அங்கே சிகிச்சை கிடைக்கவில்லை என்று எவரும் கூறமுடியாது. பல நாடுகளைவிடச் சிறந்த சிகிச்சையே கிடைத்தது. ஆனால் அந்நகரைக் கட்டியெழுப்பியவர்கள் 'சமூகம்' என்ற சொல்லுக்குள் எண்ணப்படவில்லை. நம் நாட்டின் புள்ளிவிபரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என்று இன்றும் பிரித்தே எழுதப்படுகின்றன. குறையை அறிந்து திருத்துவதற்குப் பிரித்தெழுதுதல் வேண்டியதே. ஆனால் பிரித்தெழுதுவதைக் கற்ற நாம், சேர்த்தெண்ணுவதை இன்னும் கற்கவில்லை.

பிரஜாவுரிமை என்பது பிறப்புச் சான்றிதழிலும் வாக்குச்சாவடியிலும் மட்டும் இருப்பதன்று. ஒரு மனிதன் உழைக்க முடியாத நாளில் அவனுக்கு என்ன மதிப்பு என்பதே அதன் மெய்யான அளவுகோல். உழைக்கும்வரை கூலியாகவும், உழைக்க முடியாதபோது சுமையாகவும் கருதப்படுபவன் எந்தப் பத்திரத்தை வைத்திருந்தாலும் நாடற்றவனே. காய்ச்சல் வந்த நாளில், எவருடைய அனுமதியும் இன்றி, எவருக்கும் நன்றி சொல்லவேண்டிய தேவையும் இன்றி, தன் மொழியிலே தன் வலியைச் சொல்லி மருந்து பெறுபவனே பிரஜை.

மலையகத்துப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும், அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்துகொண்டிருக்கும் மாணவர்களும் இவ்வேட்டின் வாசகர்களாக உள்ளனர். தாயோடு கிளினிக் வரிசையிலே விடியற்காலையில் நின்ற அநுபவம் அவர்களுட் பலருக்கு உண்டு. அந்த வரிசையை எழுதுமாறு அவர்களை நாம் கேட்கின்றோம். யார் முன்னே விடப்பட்டார், யாருடைய பெயர் தவறாக எழுதப்பட்டது, எந்த மொழியில் என்ன சொல்லப்பட்டது, அன்றைய பேர் யாருக்குப் போயிற்று என்று எழுதட்டும். கண்ணீரை நம் முன்னோர் எழுதிவிட்டனர். கணக்குக் கேட்பது இனிமேல்தான் எழுதப்படவேண்டும்.